அப்பா நடந்த ஆனைமலை

ஞாயிறு: ஆழியாறு

அப்பாவின் தலைத்திதி போன வாரம் முடிந்தது. சொந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு அம்மா கேட்டாள்: "அவிய சுத்துன எடத்தையெல்லாம் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தரலாமா கண்ணு?" காரை நான் ஓட்டுகிறேன் என்றான் தம்பி. மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கு லீவு சொல்லிவிட்டேன். போகிற இடத்திலிருந்து அன்றன்றைக்கு இரவே எழுதுவதாக இருக்கிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 'பிஏபி' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டம். மேற்கே ஓடிக் கடலில் சேர்ந்துகொண்டிருந்த ஆறுகளை மலையிலேயே அணைகளில் நிறுத்தி, சுரங்கம் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கிழக்கே திருப்பிய திட்டம். 1961இல் நேரு தொடங்கி வைத்தது. இன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அதில் அப்பா லஸ்கராகச் சேர்ந்து, ஒர்க் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். வாய்க்கால் கரையில் நடப்பது, கசிவு பார்ப்பது, மதகு திறப்பது, மூடுவது, மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பது, இதுதான் லஸ்கர் வேலை. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணை வரைக்கும் மலையடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து போகும் காண்டூர் கால்வாயில் அவர் கால் படாத இடம் இல்லை. பாதிக்கு மேல் காடு. சம்பளம் வாங்கிக்கொண்டு காட்டில் நடக்கிறேன், இதைவிட என்ன வேண்டும் என்பார்.

காட்டை நேசிக்கிறவர்கள் பலர் தனியாகப் போகத்தான் விரும்புவார்கள். அப்பா அப்படி இல்லை. வேலை நாளில் எதையாவது பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் உடனே சொல்ல மாட்டார். சட்டையைக் கழற்றி மாட்டும்போதே அவர் முகத்தைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே டிவிஎஸ் 50இல் தம்பியை முன்னால் நிறுத்தி, அம்மாவையும் என்னையும் பின்னால் உட்காரவைத்து அந்த இடத்துக்கே கூட்டிப்போவார். அவரைப் பொறுத்தவரை, எங்களோடு சேர்ந்து இரண்டாம் தடவை பார்த்தால்தான் பார்த்த கணக்கு. பேத்தி பிறந்த பிறகு மூன்றாம் தடவையும் சேர்ந்துகொண்டது.

ஆழியாறு அணையின் மேல் மத்தியானம் நடந்தோம். பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்க, முன்னால் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் விராலடிப்பான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இங்கே தங்கும் மீன்பிடிக் கழுகு அது. மகள்தான் முதலில் பார்த்தாள். "பேசாதீங்க" என்று எங்களையே அடக்கினாள், அப்பாவின் அதே குரலில். அரை மணி நேரம் காத்திருந்தோம். பறவை எழுந்தது, ஒரு சுற்று சுற்றியது, காலை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்தது. மேலே வரும்போது காலில் மீன். கொஞ்ச தூரம் பறந்ததும் மீனைத் திருப்பிப் பிடித்தது. தலை முன்னால், வால் பின்னால். "காத்துல இழுக்கக் கூடாதுன்னு அப்படிப் புடிக்கும். அப்புச்சி சொன்னாரு" என்றாள் மகள். தம்பிக்கும் எனக்கும் இதே இடத்தில்தான் அவர் அதைச் சொன்னார்.

அணைக்குக் கீழே இருந்த குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் வளர்ந்தோம். அம்மா உடுமலைப் பக்கத்துச் சமவெளிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் காடு என்றாலே நடுக்கம். வடகிழக்குப் பருவமழையின்போது அப்பாவுக்கு இரவு டியூட்டி. கைக்குழந்தையோடு அம்மா தனியாக இருப்பாள். அப்போது போன் ஏது? அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ரவுண்டு முடியும்போதும் அணையின் மேலிருந்து மூணு பேட்டரி டார்ச்சை எங்கள் வீட்டுப் பக்கம் மூன்று தடவை அடிப்பார். நான் நன்றாக இருக்கிறேன், நீ தூங்கு என்று அர்த்தம். "தூங்கறதாவது! அடுத்த வெளிச்சம் வர்ற வரைக்கும் முழிச்சிருப்பேன்" என்று இன்று அணைமேல் நின்று சொன்னாள். கட்டடங்கள் மாறிவிட்டன. எங்கள் வீட்டு ஜன்னல் எந்தத் திசையில் இருந்தது என்று அம்மா சரியாகக் கை காட்டினாள்.

கீழே கடையில் ஆழியாற்று மீன் வறுவல் சாப்பிட்டோம். அப்பாவுக்குத் தலைப்பகுதி பிடிக்கும்.

திங்கள்: டாப்சிலிப்

காலையில் ஆனைமலை மாசாணியம்மன் கோயில். கிடந்த கோலத்தில் இருக்கும் அம்மன். நீதி கேட்டு வரும் பெண்கள் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சேத்துமடை சோதனைச்சாவடியில் காரை நிறுத்தி, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டார்கள். அங்கிருந்து ஏறும் சாலையில்தான் காற்று மாறும். இந்த மாதத்தில் தேக்கு இலை காய்ந்து உதிரத் தொடங்கியிருக்கிறது. உதிர்ந்த இலை மேல் எது நடந்தாலும் கேட்கும். அப்பாவுக்கு இதனாலேயே தை, மாசி பிடிக்கும். கண்ணுக்கு முன்னே காது பார்க்கிற மாசம் என்பார்.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்த மலைத் தேக்கை வெட்டி, உச்சியிலிருந்து சரிவில் சறுக்கவிட்டு இறக்கினார்கள். டாப்சிலிப் என்ற பெயர் அப்படி வந்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கும், ரயில்வேக்குத் தண்டவாளக் கட்டைகளுக்கும் போயின. வெட்டி வெட்டி மலை மொட்டையானது. அந்த நிலையில் 1915 வாக்கில் இங்கே வன அதிகாரியாக வந்தவர் ஹியூகோ வுட். மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டுவைத்து, அதிலிருந்து துளிர் வர வைத்தார். வெற்றிடத்தில் தேக்கு விதைத்தார். சட்டைப்பை நிறைய விதையோடு நடந்து, கைத்தடியால் குழி போட்டு, குழிக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டே போவார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1933இல் குன்னூரில் இறந்தார். அவர் விருப்பப்படி இங்கே, மவுன்ட் ஸ்டூவர்ட் பகுதியில் தேக்குகளுக்கு நடுவே புதைத்தார்கள்.

வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கல்லறைக்குப் போனோம். சின்னக் கல்லறை. லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயானால், சுற்றிலும் பார். சுற்றிலும் பார்த்தால் மரம், மரம், மரம். நான் பத்தாவது முடித்த கோடையில் அப்பா இங்கே கூட்டிவந்து இதைக் காட்டினார். அவர் லத்தீன் படித்தவரில்லை, இங்கிலீஷும் அரைகுறைதான். யாரோ ரேஞ்சர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். எனக்குச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். இன்று அம்மாவும் செருப்பைக் கழற்றினாள். மகளும்.

இறந்த மனிதர் ஒருவருக்கு இதைவிட மரியாதையான இடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அரண்மனைச் சமாதிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கோழிகமுத்தி யானை முகாம். மலசர் பழங்குடிப் பாகன்களின் கையில்தான் இந்த முகாம் நடக்கிறது. கலீம் என்ற புகழ்பெற்ற கும்கி 2023இல், 60 வயதில், ஓய்வு பெற்றது. வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தது நினைவிருக்கிறது. "ரிட்டயர்மெண்டுன்னா இப்படி இருக்கோணும்" என்றார்.

செவ்வாய்: பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டு வழியாக, டாப்சிலிப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அணை நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. 1970இல் இரு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தம். அப்பாவும் அவருடைய சகாக்களும் மாதக்கணக்கில் இங்கே தங்கி வேலை செய்திருக்கிறார்கள். ஆனப்பாடியில் சொந்தக் காரை விட்டுவிட்டு வனத்துறை வேனில், வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். அதுவும் நல்லதற்குத்தான். வேன் நின்ற இடத்திலெல்லாம் மான் கூட்டம். ஓரிடத்தில் காட்டெருமை ஒன்று சாலையோரம் நின்று எங்களை நிதானமாகப் பார்த்தது. நான்கு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளை. மகள் மூச்சுக்கூட விடவில்லை.

கன்னிமாரா தேக்கைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். சுமார் 40 மீட்டர் உயரம், சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். வயது 450 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். 1994-95இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது வாங்கிய மரம். எல்லாம் பலகையிலேயே இருக்கிறது. பலகையைப் படித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அப்பா ஒரு மரத்தைக் காட்டினால் முதலில் அடியைத் தொடச் சொல்வார், அப்புறம்தான் அண்ணாந்து பார்க்க விடுவார். அடிமரம் வரிவரியாக, ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பள்ளத்தில் என் விரல் முழுதாக உள்ளே போனது. உள்ளே எறும்புச் சாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு எட்டும் உயரம் தாண்டியும் அதே பள்ளத்தில்.

இந்த மரத்தை வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டதாம். அதனால் விட்டுவிட்டார்களாம், அன்று முதல் சாமி மரமாம். வழிகாட்டி கதையைச் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்: "கொழுந்து இலையைக் கசக்குனா சிவப்பா வருமே, அதைப் பாத்துதான் ரத்தம்னு சொன்னாங்களா?"

வழிகாட்டி, காடர் இனத்தைச் சேர்ந்த பெரியவர், அவளை உற்றுப் பார்த்தார். "யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

எங்கள் பொள்ளாச்சி வீட்டுக் கொல்லையில் தேக்கு ஒன்று இருக்கிறது. அப்பா வைத்தது. இவள் நான்கு வயதாக இருக்கும்போது அதன் கொழுந்தைக் கிள்ளி, அவள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். மருதாணி வைத்தது போலக் கை சிவந்துவிட்டது. பயந்து அழுதாள். அதற்கு அவர் தன் கையையும் தேய்த்துச் சிவப்பாக்கிக் காட்டி, "பாரு, அப்புச்சிக்கும் வந்துருச்சு" என்று சமாதானப்படுத்தினார். அன்று முழுக்க ரெண்டு பேரும் சிவந்த கையோடு திரிந்தார்கள். இவளுக்கு இது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெரியவர் அப்புறம் எங்களோடு கொஞ்சம் அதிகமாகவே பேசினார். மரம் இறக்குவதற்காக இந்தக் காட்டிலிருந்து சாலக்குடிக்கு ஓடிய டிராம் ரயில் பற்றிச் சொன்னார். 1907இல் தொடங்கி 1963 வரை ஓடியது. சரிவில் பாரம் ஏற்றிய வண்டி இறங்குகிற வேகத்திலேயே காலி வண்டியை மேலே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். ஆக, அவர் பார்க்காத ஒன்றை இன்று நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அணையைப் பார்த்ததும் தம்பி 2022 செப்டம்பர் மாத ராத்திரியை நினைவுபடுத்தினான். மூன்று மதகுகளில் நடு மதகு அறுந்து, தண்ணீர் தன்பாட்டுக்கு மேற்கே போன ராத்திரி. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தும் அப்பா அன்று சாப்பிடவில்லை. டிவி முன்னால் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க என்று அம்மா சொன்னதற்கு, "தண்ணி போகுது, நான் எப்படி உக்கார்றது?" என்றார்.

புதன்: வால்பாறைச் சாலை

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. இந்தச் சாலையைப் போட்ட பொறியாளரின் பெயர். கீழே ஆழியாறு அணை மொத்தமாகத் தெரியும். அம்மா இங்கே நின்று கொஞ்ச நேரம் எதையோ தேடினாள். குவார்ட்டர்ஸைத்தான்.

வரையாடுகள் இருந்தன. பாறைச்சுவரில் ஒரு தாயும் குட்டியும், கொஞ்சம் மேலே முதுகில் வெளிறிய சேணம் விழுந்த பெரிய கடா. குட்டி, நான் கை வைக்கவும் யோசிக்கும் ஒரு விளிம்பில் நின்று சாவகாசமாகப் புல் கடித்தது. நம் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கென்று தனித் திட்டம் அறிவித்தபோது அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். வண்டியை நிறுத்தி, பிஸ்கட்டை நீட்டி, ஆட்டோடு படம் எடுக்க ஒரு கூட்டம் முண்டியடித்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பழகிய ஆடு சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகிறது. அப்பா இருந்திருந்தால் கோபப்படாமல், "அது சாப்பாடு அதுக்கிட்ட இருக்குதுங்க" என்று கைகூப்பிச் சொல்லியிருப்பார். தம்பி அதையே சொன்னான், கைகூப்பியும் சொன்னான். கேட்டார்கள்.

கவர்கல்லில் எதிரே வருகிற வண்டி தெரியாத பனிமூட்டம். வேறொன்றுமில்லை இன்று.

வியாழன்: வால்பாறை

காலையில் புதுத்தோட்டத்துக்குப் பக்கத்தில் சோலைமந்திக் கூட்டம் சாலையைக் கடந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம், அதனால்தான் சிங்கவால் குரங்கு. மரக்கிளைகள் சேராத இடத்தில் சாலைக்கு மேலே பாலம் கட்டி விட்டிருக்கிறார்கள். சில அதன்மேல் போயின, சில தரையில். காவலர் ஒருவர் கை காட்டி வண்டிகளை நிறுத்தி வைத்தார். கடைசிக் குட்டி கடக்கும் வரை நின்றோம்.

எஸ்டேட் பாதையில், ஓடை ஓரச் சேற்றில் யானைத்தடம் இருப்பதாகத் தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் சொன்னார். ராத்திரி வந்து போயிருக்கிறது. யானை எங்கே நிற்கிறது என்று போனில் குறுஞ்செய்தி வருகிறதாம். உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் எரியும். "முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப எங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுது" என்றார்.

மகள் அம்மாவின் கூடையிலிருந்து அப்பாவின் ஈரிழைத் துண்டை எடுத்தாள். அதை அம்மா கொண்டுவந்திருப்பது எனக்கே தெரியாது. முன்காலின் தடத்தைத் தேடினாள். முன்காலுடையது வட்டமாக இருக்கும், பின்காலுடையது நீளவாக்கில். துண்டை அந்த வட்டத்தின் ஓரத்தில் வளைத்து வைத்து, முடிகிற இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டாள். பிறகு அதே அளவை இன்னொரு மடங்கு எடுத்துத் தன் காலடியிலிருந்து நிமிர்த்தப் பார்த்தாள். அவளுக்கு எட்டவில்லை. தம்பி வாங்கித் தூக்கிப் பிடித்தான், அவன் கையை முழுக்க உயர்த்த வேண்டியிருந்தது. முன்கால் தடத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு, அதுதான் தோள் வரைக்கும் யானையின் உயரம். பெரும்பாலும் சரியாக இருக்கும். கால்வாய்க் கரையில் அப்பா இதைத் தினமும் செய்வார். இன்றைக்கு எது வந்தது, தாயா, தந்தமில்லாத ஆணான மக்னாவா, குட்டி எத்தனை என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வார். தேயிலை அக்கா தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி அளந்து காட்டச் சொன்னார்.

சாயங்காலம் இருவாச்சி.

இதற்காகத்தான் அம்மா வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த காட்டுத்துண்டில் பெரிய அத்தி மரம் ஒன்று பழுத்திருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. கரி எஞ்சின் மேட்டில் ஏறுகிற சத்தம் என்று அப்பா சொல்வார். அதற்குமேல் சரியாக யாராலும் சொல்ல முடியாது. இறக்கை ஒவ்வொரு வீச்சுக்கும் காற்றை அறுக்கிறது. பெரிய மஞ்சள் அலகு, மேலே கொண்டை. கண் சிவப்பு, அதனால் ஆண். பெண்ணுக்குக் கண் வெளிறியிருக்கும். பழம் பறித்து விழுங்கிக்கொண்டே இருந்தது. விழுங்கியது போலத் தெரிந்தாலும் விழுங்கவில்லை, தொண்டையில் சேர்த்துக்கொண்டிருந்தது. கூட்டுக் காலம் தொடங்கிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, எச்சத்தாலும் பழச் சதையாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். உள்ளேயே இறகை உதிர்த்துவிட்டு அடை காக்கும். மாதக்கணக்கில் ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே உயிர். தொண்டையில் சேர்த்ததை ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாகக் கொடுக்கும். கூடு எங்கே என்று யாரும் தேடிப் போகக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். பார்த்தால் ஆண் பக்கத்தில் வரத் தயங்கும், உள்ளே பட்டினி. நாங்களும் தேடவில்லை. பழத்தோடு அது எந்தப் பக்கம் போனது என்று மட்டும் பார்த்தோம்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் நடந்தபோது அவள் மாதக்கணக்கில் கட்டிலோடு இருந்தாள். நாங்கள் இருவரும் வெளியூரில் வேலை. அப்பா ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் வாய்க்கால் மேட்டில் ஐந்து மைல் நடந்துகொண்டிருந்தவர், அன்றோடு நடையை நிறுத்தினார். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். அம்மாவின் தலையை வாரி, கோணல்மாணலாகப் பின்னிவிடுவார். ஜன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போட்டு, வெளியே மண்சட்டியில் தண்ணீரும் கம்பும் வைத்தார். காட்டுக்கு அவளைக் கூட்டிப்போக முடியவில்லை, அதனால் பறவைகளை ஜன்னலுக்கு வரவழைத்தார். மாங்குயில், தவிட்டுக்குருவி, செம்போத்து. அவள் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவரும் மறுபடி நடக்கப் போனார். ஒருநாள்கூட அதைப் பற்றி அவர் சலித்துக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

இன்று மரத்தடியில் அம்மா சொன்னாள்: "அப்ப ஒரு நாள் நான் கேட்டேன், உங்களுக்கு வெளிய போகோணும்னு இல்லீங்களான்னு. போனா யாருகிட்ட வந்து சொல்றது, நீயும் பார்க்காம எனக்கு என்ன இருக்குதுன்னாரு." சொல்லிவிட்டு அழுதாள். மகள் அவள் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருட்டும் முன் கிளம்ப வேண்டும் என்று தம்பி வந்து கூப்பிடும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. யானை நடமாடும் நேரம்.

வெள்ளி: சோலையாறு

மழைத்தூறல். அணைப் பக்கம் மட்டும் போய் வந்தோம். "சோலையாறு 160, பரம்பிக்குளம் 72, ஆழியாறு 120, திருமூர்த்தி 60" என்று மகள் வண்டியில் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாள். எல்லாம் அணைகளின் முழு நீர்மட்டம், அடிக்கணக்கில். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கடைசி வாரங்களில் கண் மங்கிவிட்டது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரில் வரும் அணை நிலவரத்தை வாசிப்பாள். அவள் இருப்பைச் சொன்னால் அவர் முழு அளவைச் சொல்லுவார். மருந்து எடுக்க மறுத்த நாளில்கூட அதை மறந்ததில்லை.

சனி: திருமூர்த்தி மலை

மலையிறங்கி, உடுமலை வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வந்தோம். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று அணை அணையாக, சுரங்கம் சுரங்கமாகக் கடந்து வருகிற தண்ணீர் சர்க்கார்பதியில் மின்சாரம் கொடுத்துவிட்டு, காண்டூர் கால்வாயாக இங்கே வந்து விழுகிறது. இங்கிருந்து வாய்க்கால்களில் பிரிந்து தென்னைக்கும் மக்காச்சோளத்துக்கும் போகிறது. வழியெல்லாம் தோப்பு.

அணைக்கரையில் இளம் லஸ்கர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். மகள் நேராக அவரிடம் போய், "அறுபதுக்கு இன்னிக்கு எவ்வளவுங்க?" என்றாள். அவர் பதில் சொல்லிவிட்டு, பாப்பா யாரு என்று எங்களைப் பார்த்தார். அம்மா சொன்னாள். அப்பாவை அவருக்குத் தெரியவில்லை. வேலைக்கு வந்தே கொஞ்ச காலம்தான்.

"ஏனுங்க தம்பி, காண்டூர்ல மலையோரம் ஒரு இலுப்பை மரத்துக்கிட்ட கசிஞ்சிட்டே இருக்கும். எத்தனை தடவ அடைச்சாலும் கசியும். அதைப் பாக்கறீங்களா?" என்று அம்மா கேட்டாள். அந்தப் பக்கம் அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. முழுக்கவும் அப்பா வந்து சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான்.

"அங்கெல்லாம் இப்ப கான்கிரீட் போட்டுட்டாங்கம்மா. கசியறதில்லை."

"போட்டுட்டாங்களா?" அம்மாவுக்கு அப்படியொரு நிம்மதி. "அதைச் சொல்லிச் சொல்லியே ஓஞ்சு போனாருங்க."

அப்புறம் அரை மணி நேரம் ரெண்டு பேரும் மதகு, மண்டலம் (முறை வைத்துத் தண்ணீர் விடும் பாசனப் பகுதி), தண்ணீர் முறை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்கும் தம்பிக்கும் இன்றுதான் தெரியும். கிளம்பும்போது கூடையில் இருந்த புளிசாதத்தில் பாதியை அவருக்கு வைத்துக் கொடுத்தாள். அடுத்த மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்டு மகளிடம் குறித்துக்கொள்ளச் சொன்னாள். அன்றைக்குத் தம்பி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.